வாடகைக் கட்டடமும் தீயணைப்பு உரிமமும்: வாசகர் கேள்வி – பதில்

கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர்கள் இம்முறை அனுப்பிய கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை. கட்டடத்தை வாடகைக்கு விட்டவர்களும் எடுத்தவர்களும், தீயணைப்புத் துறையின் ஆய்வுக்கு யார் பொறுப்பு, ஆய்வில் எவற்றைப் பார்ப்பார்கள், உரிமம் இல்லாவிட்டால் என்ன நேரும் என்று கேட்டிருக்கிறார்கள். ஒத்த கேள்விகளை ஒன்றாக்கி, எழுதியவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் குறித்துப் பதில் தருகிறோம்.

நாகர்கோவில் வாசகர்: வடசேரிப் பகுதியில் எனக்கு மூன்று தளக் கட்டடம் ஒன்று உண்டு. கீழே மருந்துக் கடையும் பேன்சிக் கடையும், முதல் மாடியில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையமும், இரண்டாம் மாடியில் இரண்டு குடும்பங்களும் வாடகைக்கு இருக்கின்றன. அடுக்குமாடி அல்லாததால் தீயணைப்புத் துறையின் சான்று தேவையில்லை என்று கட்டிக்கொடுத்த பொறியாளர் கூறினார். இப்போது பயிற்சி மையத்தார், உரிமம் எடுத்துத் தாருங்கள் என்கிறார்கள். யார் எடுக்க வேண்டும்?

பொறியாளர் சொன்னது பாதி சரி. இங்கே இரண்டு வெவ்வேறு ஆவணங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

முதலாவது, கட்டடம் எழும்போது தேவைப்படுவது. 2019ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடம் உயர்மாடிக் கட்டடம் ஆகும். அத்தகைய கட்டடத்துக்குத் திட்ட அனுமதி பெறும்போதே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் தடையில்லாச் சான்றும், கட்டி முடித்துக் குடியேறுமுன் சொன்னபடி கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கான இணக்கச் சான்றும் வேண்டும். உங்கள் மூன்று தளக் கட்டடம் அந்த உயரத்தை எட்டாது. பொறியாளர் மனத்தில் வைத்துப் பேசியது இதைத்தான்.

இரண்டாவது, கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. 1985ஆம் ஆண்டு தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டமும் அதன்கீழ் வந்த 1990ஆம் ஆண்டு விதிகளும், மக்கள் கூடுகிற இடங்களுக்கும் தீ பற்றும் வாய்ப்புள்ள தொழில்களுக்கும் உரிமம் கேட்கின்றன. இது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. இதற்குக் கட்டடத்தின் உயரம் அளவுகோல் அன்று. ஒற்றைத் தளக் கல்யாண மண்டபத்துக்கும் இது வேண்டும். குடும்பங்கள் மட்டும் வசிக்கும் வீட்டுக்கு வேண்டியதில்லை. உங்கள் இரண்டாம் மாடியை எவரும் கேட்கப்போவதில்லை. மாணவர்கள் நெருங்கி அமர்ந்து படிக்கும் முதல் மாடியைத்தான் கேட்பார்கள்.

விண்ணப்பிக்க வேண்டியவர் தொழிலை நடத்துபவர். அதாவது பயிற்சி மையத்தார். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், சொத்துவரி ரசீது, வாடகை ஒப்பந்தம் ஆகியவை உங்களிடம் இருப்பவை. அவற்றைவிட முக்கியமாக, மாடிப்படி உங்களுடையது. குறை என்று ஆய்வாளர் எழுதும் பலவும், மாடிப்படியின் அகலம், அதன் அடியில் கிடக்கும் பொருள்கள், மொட்டை மாடிக் கதவின் பூட்டு என்று பொதுப் பகுதியைச் சார்ந்தவையாகவே இருக்கும். வாடகைக்காரரால் அவற்றைத் திருத்த இயலாது. ஆகவே உரிமம் அவர் பெயரில் இருக்கட்டும். பொதுப் பகுதியைச் சீராக வைத்திருக்கும் பொறுப்பு உங்களுடையது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் ஒப்பந்தம் என்றால் அட்வான்ஸ் தொகையையும் காலி செய்யும் தேதியையும் எழுதும் தாளாகவே இன்னும் கருதப்படுகிறது. தீப்பாதுகாப்பு பற்றி ஒரு வரியாவது உள்ள வாடகைச் சீட்டு அரிது.

உங்கள் கட்டடத்தில் உண்மையாகக் கவலைப்பட வேண்டியது மூன்று பயன்பாடுகளும் ஒரே படிக்கட்டை நம்பியிருப்பது. 2016ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி, குடியிருப்பு, கல்வி, வணிகம், கிடங்கு என்று பயன்பாடுகளைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித் தேவைகளைச் சொல்கிறது. ஒரே கட்டடத்தில் பல பயன்பாடுகள் கலந்திருந்து, இடையில் தீயைத் தாங்கும் சுவரும் தளமும் கொண்டு அவை பிரிக்கப்படாமல் இருந்தால், அவற்றுள் எது கடுமையானதோ அதன் தேவை முழுக் கட்டடத்துக்கும் பொருந்தும். இதில் நம் ஊர்க் கட்டடங்களுக்கென்றே ஒரு கேடு உண்டு. மின்வாரிய மீட்டர்களை வரிசையாகப் படிக்கட்டின் அடியில் பொருத்தி, மீந்த இடத்தில் அட்டைப் பெட்டிகளையும் பழைய மெத்தையையும் போட்டு, இப்போது மின்சார ஸ்கூட்டரையும் அங்கேயே இரவு முழுவதும் சார்ஜில் விடுகிறோம். தீப்பொறி எழக்கூடிய பலகை, எரியக்கூடிய பொருள், புகையை மேலே இழுக்கும் படிக்கட்டு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால், கீழே பற்றிய சிறு தீயின் புகை சிறிது நேரத்தில் மேல்மாடியினரின் ஒரே வழியை அடைத்துவிடும். மீட்டர் பலகையை இடம் மாற்றுவது செலவுள்ள வேலைதான். மற்றவற்றை அகற்ற ஒரு நாள் போதும்.

மொட்டை மாடியில் ஷீட் கூரை போட்டு அங்கும் வகுப்பு நடத்தலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. 2019 மே 24 அன்று குஜராத்தின் சூரத் நகரில் ஒரு வணிகக் கட்டடத்தின் உச்சியில் நடந்த பயிற்சி வகுப்பில் சிக்கிய 22 மாணவர்கள் உயிரிழந்தனர். உச்சிக்குச் சென்ற மரப்படி எரிந்துபோக, பிள்ளைகள் மேலிருந்து குதித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றதை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. வரைபடத்தில் இல்லாத கூடத்துக்கு உரிமமும் கிடைக்காது.

மார்த்தாண்டம் வாசகர்: மேம்பாலத்துக்கு அருகில் ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தையும் முதல் தளத்தையும் வாடகைக்கு எடுத்து ஜவுளிக்கடை நடத்துகிறேன். பின்வாசலை உரிமையாளர் பூட்டித் தம்முடைய ரப்பர் ஷீட்டுகளை அடுக்கியிருக்கிறார். ஆய்வுக்கு வருபவர்கள் எவற்றைப் பார்ப்பார்கள்? பூட்டிய பின்வாசலுக்கு நான் பொறுப்பாவேனா?

ஆய்வு கடைக்குள் தொடங்குவதில்லை, தெருவில் தொடங்குகிறது. தீயணைப்பு வண்டி எவ்வளவு தூரம் நெருங்க முடியும், கடையின் பெயர்ப்பலகையோ பந்தலோ ஜன்னல்களை மறைக்கிறதா, மேலே மின்கம்பிகள் எப்படிச் செல்கின்றன என்பவற்றைப் பார்த்த பிறகே உள்ளே வருவார்கள். மேம்பாலத்தின் இருபுறமும் இரண்டு சக்கர வண்டிகள் அடைத்து நிற்கும் மார்த்தாண்டத்தில் இது சிறிய விஷயம் அன்று.

உள்ளே வந்ததும் அவர்கள் தேடுவது வெளியே செல்லும் வழிகளைத்தான். வாடிக்கையாளர் நிற்கும் எந்த மூலையிலிருந்தும் வெளியேறும் வாசலுக்கு உள்ள நடைதூரம் அளவுக்குள் இருக்க வேண்டும்; வணிகக் கடைகளுக்கு விதித்தொகுப்பு சொல்வது பொதுவாக 30 மீட்டர். வெளியேறும் கதவு ஒரு மீட்டருக்குக் குறையாத அகலத்துடன், மக்கள் செல்லும் திசையில் திறக்க வேண்டும். மேலே சுருளும் ஷட்டரையும் பக்கவாட்டில் நகரும் கதவையும் வெளியேறும் கதவாக விதித்தொகுப்பு ஏற்பதில்லை. மின்சாரத்தில் இயங்கும் ஷட்டர், மின்சாரம் நின்றதும் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால் காரணம் புரியும். படிகளில் துணி மூட்டைகள் கிடக்கின்றனவா, ஆடை மாட்டும் ஸ்டாண்டுகள் நடைவழியைக் குறுக்கியிருக்கின்றனவா, மின்சாரம் நின்றாலும் எரியும் விளக்குடன் வழிகாட்டிப் பலகை உண்டா என்பவையும் குறிக்கப்படும்.

பிறகுதான் மின்சாரம். சீசன் விற்பனைக்காகக் கூட்டிய விளக்குகளும் ஏசியும், இணைப்பு வாங்கியபோது எழுதிக்கொடுத்த மின்பளுவைத் தாண்டியிருக்கிறதா; பலகையில் மிகைச்சுமையைத் துண்டிக்கும் எம்சிபியோடு மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் இருக்கிறதா; பொய்க்கூரைக்கு மேல் ஒட்டுப்போட்ட ஒயர்கள் ஓடுகின்றனவா என்று பார்ப்பார்கள். மூடிய பொய்க்கூரைக்குள் பற்றும் தீ வெளியே தெரியும்போது கைமீறிப் போயிருக்கும். அடுத்து தீயணைப்பான்களின் வகை, எண்ணிக்கை, நாள்; தண்ணீர்த் தொட்டியும் தேவைப்படும் இடங்களில் ஹோஸ் ரீல் எனப்படும் சுருள் தண்ணீர்க் குழாயும். இவற்றோடு பணியாளர் ஒருவரை அழைத்து, இதை எப்படி இயக்குவாய் என்று கேட்பதும் உண்டு. உரிமையாளருக்குத் தெரிந்து, கல்லாவில் இருக்கும் பெண்ணுக்குத் தெரியாவிட்டால் அந்தச் சிலிண்டர் அலங்காரம்தான்.

துணியும் ரப்பரும் ஒரே கூரையின்கீழ் இருப்பது சாதாரணக் குறை ஆகாது. ரப்பர் பற்றினால் அணைப்பது கடினம், எழும் கரும்புகையோ கடுமையானது. ஜவுளிக் கிடங்கில் பற்றிய தீ எத்தனை பிடிவாதமானது என்பதை 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் கண்டோம். ஏழு தளக் கடை நாள் கணக்கில் எரிந்து, இறுதியில் கட்டடத்தையே இடிக்க நேர்ந்தது.

பின்வாசல் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 1985ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாளரையும் இடத்தைப் பயன்படுத்துபவரையும் சேர்த்தே நோக்குகிறது. வாசலைப் பூட்டியவர் அவர். பூட்டியது தெரிந்தும் மக்களை உள்ளே அனுமதித்தவர் நீங்கள். தீயைப் பொறுத்துக் கவனக்குறைவாக நடந்து உயிருக்கு ஆபத்து விளைவிப்பது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 287ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்குரியது. கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் 106ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை. வழக்கு என்று வந்தால் இருவரும் நிற்க வேண்டியிருக்கும். எனவே வாசலைத் திறந்து தருமாறு உரிமையாளருக்குப் பதிவு அஞ்சலில் எழுதி, நகலையும் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். முகம் முறியுமே என்று தயங்குவீர்கள். நம் ஊர்களில் வாடகைக்கு விட்டவரும் எடுத்தவரும் பெரும்பாலும் தெரிந்த குடும்பங்கள் என்பதால் வாயால் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம்; வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

குழித்துறை வாசகி: காக்கி உடைபோல் அணிந்த ஒருவர் எங்கள் தையலகத்துக்கு வந்து, துறையிலிருந்து வருகிறோம், இந்தச் சிலிண்டரை வாங்காவிட்டால் அபராதம் என்றார். வாங்கிவிட்டேன். இது முறையா?

முறையன்று. தீயணைப்புத் துறை கருவி விற்பதில்லை. இன்னாரிடம்தான் வாங்க வேண்டும் என்று சொல்வதுமில்லை. ஆய்வுக்கு வருபவர் அடையாள அட்டையைக் காட்டக் கடமைப்பட்டவர். ஐயம் எழுந்தால் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தைத் தொலைபேசியில் கேளுங்கள்.

வாங்கிய சிலிண்டரில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15683 என்ற எண்ணும் இருக்கின்றனவா, அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, பாதுகாப்பு முள்ளும் முத்திரைக் கம்பியும் அறுபடாமல் உள்ளனவா என்று பாருங்கள். துணி, மரம் போன்ற திடப்பொருள், எண்ணெய் போன்ற திரவம், எரிவாயு ஆகிய மூன்றுக்கும் ஏற்ற ஏபிசி உலர்தூள் வகை தையலகத்துக்குப் பொருந்தும். தூள் வகையை மூன்றாண்டுக்கு ஒருமுறையும், கார்பன் டை ஆக்சைடு வகையை ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும்; ஆண்டுதோறும் புது ஸ்டிக்கர் ஒட்டிப் பணம் வாங்கிச் செல்வது சோதனை ஆகாது. 15 மீட்டர் நடந்தால் எட்டும்படி, வாசலை ஒட்டி மாட்டுங்கள். தீ பற்றிய மூலைக்குள்ளேயே போய் எடுக்க வேண்டிய இடத்தில் அதை மாட்டிப் பயனில்லை.

கன்னியாகுமரி வாசகர்: கடற்கரைக்குச் செல்லும் சாலையில் சிறிய லாட்ஜ் நடத்துகிறேன். ஐயப்ப சீசனில் கூடங்களில் பாய் விரித்தும் ஆட்களைத் தங்கவைக்கிறோம். ஆய்வு நடக்கும் மாதத்தில் எல்லாம் சரியாக வைத்தால் போதாதா?

போதாது. உரிமம் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஆபத்து மிகுவதோ கார்த்திகை முதல் தை வரை. ஒரு மண்டபத்தில் இத்தனை பேர் என்ற கணக்கில்தான் வாசலின் அகலமும் படியின் அகலமும் போதுமானவையா என்று முடிவு செய்யப்படுகிறது. அறைகளுக்கென்று கணக்கிட்ட படியில், பாய் விரித்த கூடங்களின் கூட்டமும் இறங்க வேண்டுமானால் அந்தக் கணக்கு பொய்யாகிறது. கூடங்களைத் தங்குமிடமாக்க விரும்பினால் அதை விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டு, அதற்கேற்ற ஏற்பாட்டுடன் உரிமம் கேளுங்கள்.

சீசனுக்கே உரிய வேறு சில ஆபத்துகளும் உள்ளன. குழுவாக வரும் பக்தர்கள் தங்கள் அடுப்பையும் சிறு சிலிண்டரையும் கொண்டுவந்து தாழ்வாரத்தில் சமைப்பார்கள். அறையில் கற்பூரமும் விளக்கும் ஏற்றுவார்கள். கண்டிக்க மனம் வராது. தடுப்பதற்குப் பதிலாக, கட்டடத்துக்கு வெளியே, காற்றோட்டமான ஓரிடத்தைச் சமையலுக்கும் பூஜைக்கும் ஒதுக்கிக் கொடுங்கள். கடலோரக் காற்றின் உப்பு மின்பலகைகளையும் இணைப்புகளையும் அரித்துவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துருப்பிடித்த முனையில் சூடேறித்தான் பல தீ தொடங்குகிறது. சீசனுக்கு முன் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பலகை முழுவதையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களின் உடலையும் அதே உப்பு அரிக்கும்.

ஒவ்வொரு அறைக் கதவின் உட்புறத்திலும் வெளியேறும் வழியை வரைந்து ஒட்டுங்கள். இரவில் வந்து விடியற்காலையில் சூரிய உதயம் பார்த்துப் புறப்படுகிறவருக்குக் கட்டடத்தின் பின்படி எங்கே என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தீயின்போது லிப்டைப் பயன்படுத்தாதீர் என்ற வரியும், வடநாட்டுப் பயணிகள் மிகுதி என்பதால் இந்தியிலும், அதில் இருக்கட்டும். 2024 டிசம்பர் 12 அன்று திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏற்பட்ட தீயில் ஆறு பேர் இறந்தனர். புகையிடையே லிப்டில் சிக்கியவர்களும் அவர்களில் உண்டு.

நாகர்கோவில் வாசகி: எங்கள் பழைய வீட்டைப் பெண்கள் விடுதி நடத்துவதற்கு ஒருவர் கேட்கிறார். வீடாகவே வாடகைக்கு எழுதிக்கொள்ளலாம் என்கிறார். சம்மதிக்கலாமா?

சம்மதிக்காதீர்கள். பெண்கள் விடுதிக்கு 2014ஆம் ஆண்டு தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும்; தீப்பாதுகாப்புக்கான ஆவணமும் அதற்குத் தேவை. வீடு என்று எழுதிக்கொண்டால் அந்த ஆய்வு எதுவும் நடக்காது. விபத்து நேர்ந்தால், விடுதி நடப்பது தெரிந்தே வீடு என்று எழுதியவர் என்று உங்கள் பெயரும் வரும்.

2024 செப்டம்பர் 12 அன்று மதுரையில் பெண்கள் விடுதி ஒன்றில் குளிர்பதனப் பெட்டி வெடித்துப் பற்றிய தீயிலும் புகையிலும் இரண்டு பெண்கள் உயிரிழந்தனர். விடுதி என்றதும் பாதுகாப்புக்காக எல்லா ஜன்னலுக்கும் கம்பி, இரவில் வெளிக்கதவுக்குப் பூட்டு, சாவி வார்டனின் தலையணைக்கடியில் என்பதே நம் வழக்கம். வெளியாள் உள்ளே வராமல் தடுப்பதும், உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாமல் செய்வதும் ஒன்றல்ல. உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கவும் வெளியிலிருந்து சாவியின்றித் திறக்க முடியாமலும் இருக்கும் பூட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. கம்பி போட்ட ஜன்னல்களில் தளத்துக்கு ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கும் கதவுக்கம்பியாக மாற்றச் சொல்லுங்கள்.

தக்கலை வாசகர்: மரத்தட்டு மச்சு வைத்த ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஒயரிங் மரக்கட்டைக்குள் ஓடும் பழையது. தண்ணீர் ஹீட்டர் போட்டால் பிளக் கருகுகிறது. மாற்றச் சொன்னால் உரிமையாளர், வேண்டுமானால் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார்.

குடியிருக்கும் வீட்டுக்குத் தீயணைப்பு ஆய்வு கிடையாது என்பதால் இங்கே உங்களுக்குத் துணை வாடகைச் சட்டம்தான். 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் குத்தகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் உள்ளது. அதன் அட்டவணை, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிராவிட்டால், உள்ளும் புறமும் உள்ள மின் ஒயரிங்கும் அதன் பராமரிப்பும் உரிமையாளரின் பொறுப்பு என்றும், சுவிட்ச், சாக்கெட் போன்றவற்றின் பழுது வாடகைதாரரின் பொறுப்பு என்றும் பிரிக்கிறது. கருகிய பிளக்கை மாற்றுவது உங்கள் செலவு. அதைக் கருக்கிய ஒயரை மாற்றுவது அவர் செலவு. எழுத்தில் கேட்டும் அவர் செய்ய மறுத்தால், வேலையைச் செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளவும் அச்சட்டம் இடம் தருகிறது. ரசீது இல்லாமல் கழிக்காதீர்கள்.

அதுவரை ஹீட்டரை நிறுத்திவையுங்கள். 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். நீங்கள் அதைச் செருகியிருப்பது பெரும்பாலும் 6 ஆம்பியர் சாக்கெட்டாக இருக்கும். இண்டக்ஷன் அடுப்புக்கும் இதே கணக்கு. பீங்கான் ஃபியூஸ் கட்டையில் ஒற்றை மெல்லிய கம்பிக்குப் பதிலாக முறுக்கிய செம்புக் கம்பி போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அடிக்கடி போகிறது என்று எவரோ தடித்த கம்பி போட்டிருந்தால், ஃபியூஸுக்குப் பதில் மச்சுக்குள் ஓடும் ஒயர்தான் எரியும். தேக்கும் பலாவும் கொண்டு தச்சர்கள் செய்த மச்சு நூறாண்டு தாங்கியிருக்கலாம். அதன் மேல் தட்டில் தேங்காய்ச் சிரட்டையும் காய்ந்த ஓலையும் சேர்த்துவைத்தால் நிலைமை வேறு. உரிமையாளர் ஒயரிங்கைப் பார்வையிட வர விரும்பினால், 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவித்துவிட்டு வரலாம்; அதை மறுக்க வேண்டாம்.

குளச்சல் வாசகர்: வாடகைக் கட்டடத்தில் உணவகம் நடத்துகிறேன். எத்தனை சிலிண்டர் வரை வைத்துக்கொள்ளலாம்?

தனி உரிமம் இல்லாமல் ஒரே நேரத்தில் 100 கிலோ வரையிலான சமையல் எரிவாயுவை வைத்துக்கொள்ள எரிவாயு உருளை விதிகள் அனுமதிக்கின்றன. 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ. ஆறாவது வந்தால் உரிமம் வேண்டும். வீட்டுக்கான 14.2 கிலோ சிலிண்டரை உணவகத்தில் பயன்படுத்துவது எத்தனை என்ற கேள்விக்கே இடமின்றிக் குற்றம்.

எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே சிலிண்டர்கள் நிலவறையிலோ படிக்கட்டின் அடியிலோ இருக்கலாகாது. அவை இருக்கும் அறையின் காற்றுத்துளைகள் தரையை ஒட்டி இருக்க வேண்டும். கசிவு வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கசிவுக்கென்று 1906 என்ற எண் இயங்குகிறது. தீ என்றால் 101.

உணவகங்களில் கவனிக்கப்படாத இடம் புகைபோக்கிக் குழாயின் உட்புறம். மீன் பொரித்த எண்ணெயின் ஆவி அதில் பிசினாகப் படிந்திருக்கும். சட்டியிலிருந்து எழும் ஒரு சுடர் அதைத் தொட்டால் தீ குழாய் வழியாகக் கூரை வரை ஓடும். ஒப்பந்தத்தில் அக்குழாயைச் சுத்தம் செய்வது யார் பொறுப்பு என்று எழுதுங்கள். எரியும் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூடியால் மூட வேண்டும் என்பதைப் புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லுங்கள்.

தோவாளை வாசகர்: தீபாவளிக்கு என் கடையை ஒரு மாதம் பட்டாசு விற்க வாடகைக்குக் கேட்கிறார்கள். மேலே நாங்கள் குடியிருக்கிறோம்.

கொடுக்க இயலாது. மேல்தளத்தில் குடியிருப்பு உள்ள கட்டடத்தில் பட்டாசுக் கடைக்கு வெடிபொருள் விதிகள், 2008 இடம் தருவதில்லை. தற்காலிகக் கடை என்றால், தீப்பற்றாத பொருளால் ஆன கொட்டகையாக, ஒன்றுக்கொன்று 3 மீட்டரும் மக்கள் வசிக்கும் அல்லது கூடும் கட்டடங்களிலிருந்து 50 மீட்டரும் தள்ளி, எதிரெதிரே பார்க்காதவாறு அமைய வேண்டும். காலி மனை இருந்தால் அதைக் கொடுங்கள்.

குலசேகரம் வாசகர்: என் கடைக்கட்டடத்தை வாடகைக்கு எடுத்து ஒட்டுபால் (மரத்தில் வடிந்து உறைந்த ரப்பர்), ரப்பர் ஷீட் வாங்கி விற்று வந்தவரின் சரக்கு எரிந்து, கட்டடமும் பெரிதும் சேதமாகிவிட்டது. அவர் இனி வாடகை தர வேண்டியதில்லை என்றும் அட்வான்ஸைத் திருப்பித் தருமாறும் கேட்கிறார். உரிமம் வாங்கியிருக்கவில்லை.

1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இதைப் பேசுகிறது. வாடகைக்கு விட்ட சொத்தின் முக்கியப் பகுதி தீயால் அழிந்து, எடுத்த நோக்கத்துக்கு நிரந்தரமாக உதவாதபடி ஆகிவிட்டால், குத்தகையை முடித்துக்கொள்ளும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. ஆனால் அந்தச் சேதம் அவருடைய தவறான செயலாலோ தவறுதலாலோ நேர்ந்திருந்தால் அவ்வுரிமை அவருக்குக் கிடையாது. எனவே முழு வழக்கும், தீ எப்படித் தொடங்கியது என்பதில் நிற்கிறது. உங்கள் ஒயரிங்கில் தொடங்கியதென்றால் அவர் பக்கமும், அவர் ஈரச் சரக்கை உலர்த்த மூட்டிய கணப்பில் தொடங்கியதென்றால் உங்கள் பக்கமும் சாயும். உரிமம் இல்லாமை மட்டுமே தீக்குக் காரணமாகிவிடாது. என்றாலும் முன்னெச்சரிக்கை எடுக்கவில்லை என்பதற்கு அது சான்றாகப் பயன்படும். அந்த வாதத்தை இருவருமே ஒருவர்மேல் ஒருவர் வீசலாம்.

உடனே செய்ய வேண்டியவை: அணைக்க வந்த நிலையத்தில் தீ விபத்து அறிக்கைக்கு விண்ணப்பியுங்கள், காவல் நிலையத்தில் புகார் பதிந்து நகல் பெறுங்கள், இடிபாட்டை அகற்றுமுன் நிறைய புகைப்படம் எடுங்கள், குறிப்பாக மின்பலகையையும் கணப்பு இருந்த இடத்தையும். காப்பீடு இருந்தால் நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் வரை எதையும் நகர்த்த வேண்டாம். கட்டடத்துக்கான காப்பீடு உங்களுடையது, சரக்குக்கானது அவருடையது. ஒன்று மற்றொன்றை ஈடுகட்டாது. 2021 ஏப்ரல் முதல், ஓரிடத்தில் ஐந்து கோடி ரூபாய் மதிப்பு வரையுள்ள சிறு தொழில்களுக்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பொதுவான பாலிசியைக் காப்பீட்டு நிறுவனங்கள் தருகின்றன. பாலிசியில் கட்டடத்தின் பயன்பாடு பலசரக்குக் கடை என்று எழுதப்பட்டு, உள்ளே ரப்பர் இருந்தது தெரிந்தால் இழப்பீடு சிக்கலாகும். உங்களுடையதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

அட்வான்ஸைப் பொறுத்தவரை, அறிக்கை கைக்கு வரும்வரை திருப்பித் தருவதாகவோ மாட்டேன் என்றோ எழுத்தில் எதுவும் கொடுக்காதீர்கள்.